சோதிக்க முடியாததெல்லாம் பொய்யா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடவுள் நம்பிக்கையைத் தவறென்று காட்ட எந்தச் சோதனையும் கிடையாது, ஆகவே அது பொய்தான் என்று சென்ற இதழ்க் கட்டுரை முடிகிறது. துணைக்கு அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரையும் அழைத்திருக்கிறார் கட்டுரையாளர். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சோதித்துத் தவறென்று காட்ட வழியிருந்தால்தான் அறிவியல் என்று பாப்பர் 1934-இல் வெளிவந்த நூலில் கோடு போட்டது அறிவியலுக்கும் அறிவியல் அல்லாததற்கும் நடுவில். உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் அல்ல. அணுக்கொள்கையே நெடுங்காலம் சோதிக்க வழியில்லாத வெறும் தத்துவமாக இருந்து பிறகு அறிவியலானது என்று அவரே எடுத்துக்காட்டியிருக்கிறார்.

விண்மீன்கள் எதனால் ஆனவை என்று மனிதனால் ஒருநாளும் அறிய முடியாது என 1835-இல் எழுதினார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் அகஸ்ட் காம்ட். 1859-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்க்காஃப், விண்மீன்களில் ஒன்றான சூரியனின் ஒளியைப் பிரித்தால் தெரியும் வண்ணப்பட்டையில் (நிறமாலையில்) இருந்த கருங்கோடுகளை வைத்தே அங்கே சோடியம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நடுவில் போன அந்த 24 வருடமும் சூரியனில் சோடியம் இல்லாமலா இருந்தது?

சரி, அது பின்னால் தெரிந்துவிட்டது. தெரியவே வழியில்லாததும் உண்டு. என் அம்மா இறப்பதற்கு முதல்நாள் சாயங்காலம், நான் ஏற்றிய விளக்கைப் படுத்தபடியே பார்த்து உதட்டை அசைத்தார். என்னம்மா வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை அசைத்தார். தம்பிக்காக வேண்டியிருப்பார் என்பது என் எண்ணம். வலி தீரக் கேட்டிருப்பார் என்கிறாள் தங்கை. இனி எந்தக் கருவியாலும் அதைச் சோதிக்க முடியாது. அதற்காக அம்மா எதையுமே வேண்டவில்லை என்று ஆகிவிடுமா?

சோதிக்க முடியாதது வேறு, சோதனையிலிருந்து நழுவுவது வேறு. மஞ்சள்காமாலை வந்த என் மாணவனுக்கு ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டினார். குணமானால் மந்திரத்தின் பலன், ஆகாவிட்டால் பத்தியம் தவறிவிட்டது என்றார். அப்படிப்பட்ட பேச்சைக் கட்டுரையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் சாடட்டும், நானும் கூட நிற்பேன்.

கடவுள் உண்டா என்பதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இல்லை என்று வாதாட வேண்டுமானால், கருணையுள்ள கடவுளின் உலகில் பச்சைக்குழந்தைக்குப் புற்றுநோய் ஏன் என்று கட்டுரையாளர் கேட்கட்டும். என்னைப் பல இரவுகள் தூங்கவிடாத கேள்வி அது. அதற்குப் பாப்பர் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
போடிநாயக்கனூர்.