பொருள்: திருப்பிக் கொடுத்த கேபிள் இணைப்புக்குப் பாக்கி எழுதி, பிராட்பேண்டை முடக்கியது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் உங்கள் கேபிளும் பிராட்பேண்டும் பல வருடங்களாக இருந்தன. கேபிள் வேண்டாம், பிராட்பேண்ட் மட்டும் தொடரட்டும் என்று எழுதிக் கொடுத்தேன், செட்டாப் பாக்ஸ், ரிமோட், அடாப்டர் எல்லாவற்றையும் உங்கள் கிளை அலுவலகத்தில் ஒப்படைத்து முத்திரையுடன் ரசீதும் வாங்கினேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் உங்கள் ஆப்பில் அந்தக் கேபிள் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது, மாதாமாதம் பாக்கி ஏறுகிறது, பிராட்பேண்டை ரீசார்ஜ் செய்யப் போனால் 'முதலில் கேபிள் பாக்கியைச் செலுத்தவும்' என்று வருகிறது. பிளான் முடிந்த அன்றே நெட் நின்றுவிட்டது. இப்போது வீட்டில் எல்லோரும் என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன், இதற்கு உங்களில் யாராவது எழுத்தில் பதில் சொல்லுங்கள். உங்கள் கேபிள் பிரீபெய்டு. ஒரு நாள் பணம் கட்டத் தாமதமானாலும் படம் நின்று ரீசார்ஜ் செய்யச் சொல்லி திரையில் எழுத்து வந்துவிடும், அதில் நீங்கள் ஒருமுறைகூடத் தயவு காட்டியதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு சேவை தரும் இணைப்பில் பாக்கி எப்படி வரும்? அதுவும் பாக்ஸ் உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கும்போது? வாடிக்கையாளர் சேவை எண்ணில் இதைப் பலமுறை கேட்டுவிட்டேன். "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுது சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. சிஸ்டத்தை வைத்திருப்பது நீங்கள்தானே, நான் இல்லையே.

ஏன் கேபிளை நிறுத்தினேன் என்று உங்கள் ஊழியர் ஒவ்வொருவரும் கேட்டார்கள், ஏதோ தப்பு செய்தவனிடம் விசாரிப்பது போல. சரி, இங்கேயே சொல்லிவிடுகிறேன், இனி யாரும் போன் செய்து கேட்க வேண்டாம்.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தது. பார்க்கும் சேனலுக்கு மட்டும் பணம் கட்டலாம் என்று நம்பினோம். 130 ரூபாய் நெட்வொர்க் கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் நாம் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை. நானும் உட்கார்ந்து தமிழில் நாங்கள் பார்ப்பதை மட்டும் குறித்துக் கொடுத்தேன். சில மாதம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் எங்களைக் கேட்காமலே ஒரு பேக் ஏறியது. அதில் வீட்டில் யாருக்கும் புரியாத மொழிச் சேனல்களும், நாங்கள் ஒருநாளும் திறக்காத விளையாட்டுச் சேனல்களும் இருந்தன. எடுக்கச் சொன்னால் எடுப்பீர்கள், இரண்டு ரீசார்ஜ் தாண்டினால் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். வசூலுக்கு வரும் தம்பியிடம் கேட்டால் "தனித்தனியா எடுத்தா இதைவிட அதிகமா வரும்ணே" என்பார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், மேலே என்ன சொல்லி அனுப்புகிறார்களோ அதைத்தான் அவர் சொல்கிறார். 2024 ஜூலையில் டிராய் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் கட்டணம் ஏறியது, ஆனால் எதற்காக எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய ஒரு பில் இன்றுவரை எங்களுக்கு வரவில்லை.

விலையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். 2023 டிசம்பர் வெள்ளத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். உங்கள் லைன்கள் அறுந்தன, பெட்டிகளில் தண்ணீர் புகுந்தது, அது யார் குற்றமும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று வயர் இழுத்த உங்கள் ஆட்களை நானே பார்த்தேன், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கரண்ட் வந்து பல நாள் கழித்தும் எங்கள் தெருவுக்குக் கேபிள் வரவில்லை, அந்த மாதத்துக்கு முழுப் பணமும் பிடித்துக்கொண்டீர்கள். சேவை தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் தடைப்பட்டால் அந்த நாட்களுக்கான கட்டணத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது டிராயின் 2017ஆம் ஆண்டு சேவைத் தர விதி. அதைச் சொல்லிக் கேட்டபோது உங்கள் அலுவலகத்தில் ஒருவர் "ஊரே மூழ்கிக் கிடக்கு, உங்களுக்கு டிவிக் காசு முக்கியமா" என்றார். ஊர் மூழ்கிய மாதத்தில் ஒவ்வொரு ரூபாயும் முக்கியமாகத்தான் இருந்தது. வீட்டுச் சாமான் பாதி போனவர்களிடமும் பார்க்காத டிவிக்கு முழுத் தொகை வாங்கியிருக்கிறீர்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஏற்பாடு செய்யத்தான் நாளானது.

இப்போது வீட்டில் என்ன வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் நான் இல்லாத நேரம் பார்த்து உங்கள் ஊழியர் என் அம்மாவுக்குப் போன் செய்து பயமுறுத்தியிருக்கிறார். கேபிள் இல்லாவிட்டால் சீரியல் கிடையாதாம், கிரிக்கெட் கிடையாதாம், மாடியில் சொந்தமாக டிஷ் வைப்பது சட்டப்படி தப்பாம். எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் இப்படிப் பொய் சொல்வது எந்த ஊர் வியாபாரம்?

மாடியில் இருப்பது தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். பிரசார் பாரதி என்ற அரசு நிறுவனம் 2004 டிசம்பரிலிருந்து நடத்திவருவது. டிஷ், அதன் முன்னால் மாட்டும் சிக்னல் வாங்கியான எல்என்பி, பாக்ஸ், வயர் எல்லாம் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் என்ற ஒன்றே அதில் இல்லை. ஜிசாட் 15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, எங்கள் ஊரில் டிஷ்ஷைத் தென்கிழக்குப் பக்கம் திருப்பி நன்றாக வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான். இலங்கை டிவியான ரூபவாஹினி பார்க்க உயரமான கம்பத்தில் ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டி இலங்கைப் பக்கம் திருப்பி வைத்த கடற்கரை ஊர்கள் இவை, மொட்டை மாடியில் ஒரு கம்பம் நடுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை.

அதில் எல்லாம் வருகிறது என்று நான் சொல்லவில்லை. பெரிய தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்கள் கட்டணச் சேனல்கள், அவை ஃப்ரீ டிஷ்ஷில் இல்லை. தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்திதான், இது எனக்கும் வருத்தம்தான், தூர்தர்ஷனுக்கும் எழுதத்தான் போகிறேன். பலத்த மழையில் சிக்னல் போய் மழை விட்டதும் திரும்பும். ஆனால் 2024 ஜனவரியில் பொதிகை பெயர் மாறி வந்த டிடி தமிழ் தெளிவாக வருகிறது, அம்மா சாயங்காலம் அதில் கச்சேரி கேட்கிறார், அகில இந்திய வானொலியும் அதே பாக்ஸில் வருகிறது.

கிரிக்கெட் பற்றிச் சொன்னதுதான் எனக்குக் கூடுதல் கோபம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படிப் பகிரும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே வரலாம், தனியார் கேபிள் வழியாக வரக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது அந்த ஆட்டங்களை மாதக் கட்டணம் இல்லாமல் தூர்தர்ஷனில் பார்க்க வேண்டுமென்றால் ஃப்ரீ டிஷ்தான் வழி, உங்கள் கேபிளில் அதே தூர்தர்ஷன் சேனலைத் திறந்தாலும் அவை வராது. ஐபிஎல் மட்டும் அந்தச் சட்டத்துக்குள் வராது, அதற்கு ஜியோஹாட்ஸ்டார் ஆப்புக்குத்தான் பணம் கட்ட வேண்டும். கட்டுகிறோம், வேண்டிய மாதத்துக்கு மட்டும்.

சீரியலுக்கு அந்தந்தச் சேனல்காரர்களின் ஆப்பே இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது ஏழு மணி, எட்டு மணி என்று காத்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து நிதானமாகப் பார்க்கிறார். செய்திச் சேனல்களில் பல யூடியூபிலேயே நேரலையாக ஓடுகின்றன. தூர்தர்ஷனுக்கு வேவ்ஸ் என்ற ஆப் 2024 நவம்பரில் வந்துவிட்டது. ஓடிடி எனப்படும் இந்த ஆப்களிலும் குறை உண்டு, பணம் கட்டியும் அமேசான் பிரைமில் 2025 ஜூனிலிருந்து விளம்பரம் வருகிறது, நேரலை ஆட்டம் டிவியைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது, பக்கத்து வீட்டில் கத்துவதை வைத்து விக்கெட் விழுந்தது தெரிந்துவிடும். ஆனால் ஒரு ஆப் வேண்டாம் என்றால் அடுத்த மாதம் நிறுத்திவிடலாம். ரத்து என்ற பொத்தானை அழுத்தினால் ரத்தாகிறது. யாரும் வீட்டுக்கு வந்து சண்டை போடுவதில்லை, பாக்கி எழுதுவதில்லை. உங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அந்த அளவு நாணயம்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், இவ்வளவும் ஓட நெட் வேண்டும், அந்த நெட் உங்கள் கையில் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு ஃபைபர் இழுத்திருப்பது நீங்கள்தான். அது தெரிந்துதான், கேபிளை விட்டவனைத் திரும்ப வரவைக்க பிராட்பேண்டைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று நான் சொன்னால் அதை மறுக்க முடியுமா? இரண்டும் தனித்தனிச் சேவை, தனித்தனி எண், தனித்தனி ரசீது. பிராட்பேண்டுக்கு ஒரு ரூபாய் நான் பாக்கி வைத்ததில்லை. உங்கள் நெட் நன்றாகவே இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும், ராத்திரியில்கூட வேகம் குறைவதில்லை. நல்ல சேவையை வைத்துக்கொண்டு அதைக் கொண்டே வாடிக்கையாளரை மிரட்டுவது ஏன் என்றுதான் புரியவில்லை.

இன்னொன்று. கேபிளைப் பிரிக்க வந்த உங்கள் டெக்னீஷியன் மாடியில் உங்கள் வயரோடு சேர்த்து ஃப்ரீ டிஷ் வயரையும் வெட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டும் கறுப்பு வயர், தெரியாமல் நடந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்ன பிறகும் சரிசெய்ய ஆள் வரவில்லை. வேறு ஒருவரைக் கூப்பிட்டுப் புது வயர் போட்டேன், அதற்கான ரசீதையும் இணைத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியவை இவை. கேபிள் கணக்கை, நான் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்த தேதியிலிருந்து மூடியதாகப் பதிவு செய்து, பாக்கி எதுவும் இல்லை என்று எழுத்தில் தாருங்கள், கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி போதாது. பிராட்பேண்ட் ரீசார்ஜை இன்றே திறந்துவிடுங்கள், நீங்கள் முடக்கி வைத்த நாட்களைப் பிளானில் கூட்டிக் கொடுங்கள். செட்டாப் பாக்ஸுக்கு வாங்கிய டெபாசிட்டையும், ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டியதில் மீதமிருக்கும் கேபிள் தொகையையும் என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கேபிள் பேலன்ஸைப் பிராட்பேண்டில் வரவு வைக்கிறோம் என்றும் வேண்டாம், இரண்டையும் மறுபடி கலக்க நான் தயாரில்லை. வெள்ள மாதத்தில் சேவை இல்லாத நாட்களுக்கான தொகை, வெட்டிய வயருக்கான செலவு, இரண்டும் அதோடு சேர வேண்டும். என் அம்மாவின் எண்ணை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அந்த எண்ணுக்கு இனி யாரும் கூப்பிடக் கூடாது.

கட்டணப் புகாரை ஏழு நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று அதே 2017 விதியில் இருக்கிறது. இந்தக் கடிதம் ஸ்பீட் போஸ்டில் வருகிறது, மின்னஞ்சலிலும் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் புகார் எண் தாருங்கள், புகார் தீராவிட்டால் அடுத்து அணுக வேண்டிய உங்கள் நோடல் அதிகாரி யார், அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பதையும் சேர்த்துத் தெரிவியுங்கள். உங்கள் இணையதளத்தில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை.

அதற்குள் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. கேபிளை விட விரும்பியும் உங்கள் ஆட்களோடு மல்லுக்கட்ட முடியாமல் மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். என் புகாருக்கு நீங்கள் என்ன பதில் தருகிறீர்கள் என்று அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வரும் பதிலை அப்படியே அவர்களிடம் காட்டுவேன்.

இணைப்பு: துண்டிப்புக் கடிதத்தின் நகல், பாக்ஸ் ஒப்படைத்த ரசீது, டெபாசிட் ரசீது, ஆப்பில் பாக்கி காட்டும் படங்கள், வயர் மாற்றிய ரசீது.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் கேபிள் வாடிக்கையாளர், இந்நாள் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்
தூத்துக்குடி