பெரிய பாப்பாவுக்கு

மதுரை
ஞாயிறு மாலை

பெரிய பாப்பாவுக்கு,

வாடிக்கையாளரோடு பொறுமையாகப் பேச வேண்டும் என்று ஆறு மாதம் உட்கார்ந்து போட்ட திட்டத்தை உனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று போனில் அலுத்துக்கொண்டாய். அப்போது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் எனக்குக் கண்புரை எடுத்தார்கள் அல்லவா? என் மேசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேசை. டாக்டர் அங்கே ஒருவருக்கு முடிப்பதற்குள் இங்கே என் கண்ணைக் கழுவி, துணி போர்த்தி, கருவிகளை எடுத்து வைத்தாயிற்று. அவர் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்; கையை நீட்டினார்; எதையும் தேடவில்லை.

இரண்டு மேசை வாங்க யாராலும் முடியும். என் கண்ணைக் கழுவித் துணி போர்த்திவிட்ட அந்த நர்ஸ் பெண்ணைத்தான் வாங்க முடியாது. மிஞ்சினால் இருபது வயது. கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைச் சேர்த்து இரண்டு வருடம் பழக்குகிறார்கள். 1976இல் டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வு பெற்றபின், முடக்குவாதத்தில் கோணிய விரல்களோடு 11 படுக்கையில் தொடங்கிய இடம் அது. காசு கட்டுகிறவரின் பணத்தில் கட்டாதவருக்கும் பார்வை வர வேண்டும் என்பது கணக்கு. நாளொன்றுக்கு ஏராளமான கண்கள் முடிந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அந்தப் பெண்ணின் கை பிசகினால் அத்தனையும் நின்றுவிடும். புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே செய்துகொண்டதும் இதே பிடிவாதம்தான்.

நான் வேலை பார்த்த மில்லை நினைத்துக்கொண்டேன். ஒரு வருடம் 'தரமே முதல்' என்று வாசலில் பெரிய பலகை மாட்டினார்கள். பெயின்ட் காய்வதற்குள் பழைய கதைதான். ஷிப்ட் முடிந்ததும் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை கிலோ? போனஸும் கிலோவுக்குத்தான். பையன்கள் அறுந்த இழையை அரைகுறையாக ஒட்டி ஓட்டினார்கள். நானும் சூப்பர்வைசர்தானே, பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். இரண்டே மாதத்தில் லாரி நிறைய நூல் திரும்பி வந்தது. திட்டு பையன்களுக்கு, பலகையை யாரும் கழற்றவில்லை.

உன் ஆட்கள் சோம்பேறிகள் என்கிறாய். இருக்கலாம். வாடிக்கையாளரோடு பொறுமையாகப் பேசச் சொல்கிறாய். மாதக் கடைசியில் எத்தனை அழைப்பு முடித்தாய் என்றுதானே கேட்கிறாய்? திங்கட்கிழமைக் கூட்டத்தில் உன் முதல் கேள்வி என்ன என்பதை எனக்கு எழுது.

சொட்டு மருந்து நேரம் தாண்டிவிட்டதாம், அம்மா முறைக்கிறாள்.

அப்பா