தந்தையின் வயதைப் பற்றி மரகதத்துக்கு

திருநகர், மதுரை

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால், "மகனுக்கு நாற்பத்தொன்று ஆகிறது, வயதான அப்பாவுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு ஆட்டிசம் வருமாமே" என்று எழுதியிருக்கிறாய். பேசுவதிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபாடு தெரியும்படி மூளை வேறு விதமாக வளர்வதைத்தான் ஆட்டிசம் என்கிறோம். இத்தனை வருடம் விலங்கியல் நடத்தியவள் என்பதால் மட்டுமல்ல, ஆட்டிசம் உள்ள எங்கள் கதிரின் பெரிய பாட்டி என்பதாலும் இதற்குத்தான் முதலில் பதில் எழுதுகிறேன்.

நீ கேள்விப்பட்டது வெறும் வதந்தி அல்ல. டென்மார்க், இஸ்ரேல், நார்வே, சுவீடன், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் 1985 முதல் 2004 வரை பிறந்த 57 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இருபதுகளில் தந்தையானவர்களோடு ஒப்பிட்டால், நாற்பதுகளில் தந்தையானவர்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் 28 சதவீதம் கூடுதல். ஐம்பதைத் தாண்டித் தந்தையானவர்களின் பிள்ளைகளிடம் 66 சதவீதம். கேட்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் போட்டுப் பார். இளம் தந்தையரின் ஆயிரம் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு என்று வைத்துக்கொண்டால், உன் மகன் வயதுக்காரர்களிடம் அது பதின்மூன்று ஆகிறது. மற்ற 987 பிள்ளைகளையும் நினைத்துக்கொள். இளம் வயதில் கட்டிவைத்தால் தீர்ந்தது என்றும் சொல்லிவிடாதே. இருபது வயதுக்குள் தாயானவர்களின் பிள்ளைகளிடமும் அதே ஆய்வு 18 சதவீதம் கூடுதல் கண்டது.

காரணமும் ஓரளவு தெரியும். ஆணின் உடலில் விந்தணு உருவாக்கம் ஆயுள் முழுக்க நடக்கிறது. செல் பிரியும்போதெல்லாம் மரபணுவைப் படியெடுக்க வேண்டும், அதில் பிழைகள் சேர்கின்றன. 2012இல் ஐஸ்லாந்தில் அந்தப் பிழைகளை எண்ணிப் பார்த்தார்கள். தந்தைக்கு ஒரு வயது கூடினால் பிள்ளைக்குப் போகும் புதிய மாற்றங்கள் ஏறத்தாழ இரண்டு கூடுகின்றன. தாயின் வயதால் கூடுவது இதைவிட மிகக் குறைவு. அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை ஒரு தீங்கும் செய்வதில்லை. தாமதமாகத் தந்தையாகும் ஆண்கள் சிலரிடமே ஆட்டிசத்துக்கான மரபுக்கூறு முன்பே இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்ட முடியாது.

என் தங்கை மகன் செந்திலை உனக்குத் தெரியுமே. துபாயில் உழைத்து மூன்று தங்கைகளையும் கரையேற்றிவிட்டுத்தான் தனக்குக் கல்யாணம் என்று இருந்தான். மேலூர்ப் பக்கம் இப்படி எத்தனை அண்ணன்கள்! மகன் கதிர் பிறந்தபோது செந்திலுக்கு 42. ஆட்டிசம் என்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் அவன் மனைவி மாலதியைப் பிடித்துக்கொண்டார்கள். மாசமாக இருக்கும்போது வேலைக்குப் போனாளாம், பிள்ளை கையில் போனைக் கொடுத்தாளாம். எனக்கு நெஞ்சு கொதித்தது. தாயின் பாசம் போதவில்லை என்று மேல்நாட்டு நிபுணர்களே ஒரு காலத்தில் பழி போட்டார்கள். அது தவறென்று தெரிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது இந்த ஆய்வைக் காட்டிச் செந்திலைக் குத்துகிறார்கள். தங்கைகளுக்காகக் காத்திருந்தவனைப் பார்த்து இப்படிச் சொல்ல எப்படி வாய் வருகிறது?

கதிருக்கு இப்போது நான்கு வயது. முன்பெல்லாம் தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், அவள் கையையே குடத்தின் மேல் வைப்பான். விரல் நீட்டிக் காட்டமாட்டான். பயிற்சிக்குப் போகத் தொடங்கிய பிறகு, போன மாதம் சுட்டுவிரலை நீட்டி அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவைக் காட்டினான். மாலதி அழுதுவிட்டாள். நானும்தான்.

ஆகவே மருமகளிடம் இந்தப் பேச்சையே எடுக்காதே. பிள்ளை பிறந்து ஒன்றரை வயது ஆகும்போது, பெயர் சொன்னால் திரும்புகிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று மட்டும் பார். இல்லையென்றால் "எங்கள் வீட்டில் எல்லாரும் லேட்டாகத்தான் பேசினார்கள்" என்று நாளைக் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போ.

வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எழுது. செந்தில் குடும்பத்தையும் கூட்டி வருகிறேன். கதிருக்குக் கூட்டத்தின் சத்தம் ஆகாது, பின்கட்டில் ஓர் அறையை ஒழித்து வை.

அன்புடன்,
உன் வசந்தா