4.6 சென்டிமீட்டர்

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்குப் பேசியதோடு சரி, அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துவிடு. பத்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. பையன் என்எஸ், அதான் தேசிய சேவை, முடித்துவிட்டான். இனி விஷயம்.

சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த ஸ்கேனில் வேறொன்று தெரிந்தது. வயிற்றில் பெருந்தமனி என்கிற பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் வீங்கியிருக்கிறது, 4.6 சென்டிமீட்டர். சாதாரணமாக 2 தான் இருக்குமாம். ஆண்களுக்கு 5.5 வந்தால்தான் அறுவை சிகிச்சை, அதுவரை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார் டாக்டர். நான் கேட்ட முதல் கேள்வி, "சுவர் தடிமன் எவ்வளவு?" பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நீயே சொல், ஜூரோங்கில் அத்தனை வருஷம் பைப்பையும் டேங்க்கையும் பரிசோதித்தோமே, விட்டத்தை மட்டும் அளந்து இந்த லைன் தாங்கும் என்று ஒருநாளாவது கையெழுத்துப் போட்டிருப்போமா? தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டாய் என்று பாலு உன்னைக் கிண்டல் செய்வானே! அழுத்தமும் ஆரமும் கூடினால் சுவரில் இழுப்பு கூடும், தடிமன் குறைந்தாலும் கூடும், அதே கணக்குதான் இங்கேயும். ஆனால் இது நம் பைப் மாதிரி ஒரே சீராக இல்லை. ஒரு பக்கம் புடைத்து, உள்ளே ரத்தம் உறைந்து படிந்து, அங்கங்கே சுண்ணாம்பு ஏறிக் கிடக்கும். அதனால்தான் சிறியது வெடிப்பதும் பெரியது வருஷக்கணக்கில் தாங்குவதும் நடக்கிறது.

சிடி ஸ்கேனிலிருந்து ரத்தக்குழாயின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்து, டேங்க்கில் பைப் சேரும் நாசிலுக்கு நாம் பார்ப்போமே, சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து இழுப்பைக் கணக்கிடும் அந்த ஃபைனைட் எலிமென்ட் முறையையே போடுகிறார்கள். எந்த வீக்கம் வெடிக்கும் என்பதை விட்டத்தைவிடச் சுவரில் வரும் உச்ச இழுப்பு நன்றாகக் காட்டுகிறது என்று அமெரிக்காவில் ஃபிலிங்கர் குழு 2003லேயே எழுதியிருக்கிறது. படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, அதை ஏன் எனக்குச் செய்யவில்லை என்று. மறுமுறை டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: சுவர் எவ்வளவு தாங்கும் என்பதை வெட்டியெடுத்து இழுத்துப் பார்த்தால்தான் தெரியும், உயிரோடிருப்பவரிடம் முடியாது. தடிமனும் ஸ்கேனில் தெளிவாகத் தெரிவதில்லை, பல கணக்குகளில் எல்லா இடத்துக்கும் ஒரே தடிமன் என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்த 5.5 அப்படி வந்ததில்லை, பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு அதற்குப் பின்னால் இருக்கிறது. தாங்கும் அளவு தெரியாத பைப்புக்கு நானும் கையெழுத்துப் போடமாட்டேன். சரி, காத்திருக்கிறேன்.

ராத்திரியில் வயிற்றில் கை வைத்தால் துடிப்பு தெரிகிறது, பயமாக இருக்கிறது சேகர். பத்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஆரம் என் சொல் கேட்காது, தடிமன் கண்ணுக்குத் தெரியாது, மிச்சம் ரத்த அழுத்தம் ஒன்றுதான். மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை, சிகரெட்டை அன்றே விட்டேன்.

வேலிக்குப் பின்னால் என்னோடு நின்று புகைத்தவன் நீ. வயசும் 66. வயிற்றுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட், ஊசி கிடையாது, பத்து நிமிஷம்தான். வரும் செவ்வாய் காலை எட்டு மணிக்குத் தேக்கா பக்கம் லிட்டில் இந்தியா ரயில் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன், அங்கிருந்து சேர்ந்தே கிளினிக்குக்குப் போகலாம். காலையில் எதுவும் சாப்பிடாமல் வா.

உன்,
முத்து