அம்மாவின் பைபிளில் ஒரு பக்கம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்கான முப்பதாம் நாள் ஜெபம் போன சனிக்கிழமைதான் முடிந்தது. இப்போதுதான் எழுத மனசு வந்தது.

"சங்கீதம் சங்கீதம் என்கிறாயே, அதைப் பாடுவீர்களா, படிப்பீர்களா?" என்று கேட்டிருந்தாய். தேவாரம் ஒலிக்கும் வீட்டில் வளர்ந்தவன் நீ, சரியாகத்தான் கேட்டாய். சங்கீதம் என்பது பைபிளில் உள்ள ஒரு பாட்டுப் புத்தகம். மொத்தம் 150 பாட்டு. கத்தோலிக்கர்கள் திருப்பாடல்கள் என்பார்கள். நாலாவது சங்கீதத்தின் தலைப்பைப் பார்: 'நெகிநோத் என்னும் வாத்தியத்தில் வாசிக்க இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது'. நெகிநோத் என்றால் தந்தி வாத்தியங்கள். 120 முதல் 134 வரை 'ஆரோகண சங்கீதம்'. எருசலேமுக்கு மேடேறிப் போன யாத்திரிகர்கள் பாடியவை என்பார்கள். நீ பழனிக்கு நடந்து போகும்போது பாடுவாயே, அதுபோல. ஆனால் தேவாரத்துக்குப் பண் நிலைத்தமாதிரி இவற்றின் பழைய மெட்டுகள் நிலைக்கவில்லை. சொல்தான் மிஞ்சியது.

அந்தச் சொல் மொழி மாறியும் பாட்டாகவே இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் செய்யுளில் எதுகையும் மோனையும் ஓசையைத் திரும்பக் கொண்டுவரும். இவை முதலில் எழுதப்பட்ட எபிரெய மொழிப் பாட்டில் கருத்தே திரும்பி வரும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" இது 13-ஆம் சங்கீதம். கேட்டதையே இன்னொரு முறை, இன்னும் கிட்டே வந்து கேட்கிறது. ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை இரவும் எனக்கு இந்த ஒரு வரிதான் ஓடியது. சொந்தமாக ஜெபம் பண்ண வாயே வரவில்லை.

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் அம்மாவைக் கிடத்தியிருந்தோம். போதகர் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்ற 23-ஆம் சங்கீதத்தை ஆரம்பித்ததும் எல்லாரும் பார்க்காமலே சேர்ந்து சொன்னார்கள். அப்புறம் மண்டாய் தகனச்சாலை.

வீடு திரும்பி அம்மாவின் பைபிளை எடுத்தேன். விட்ட இடத்தில் அதுவாகவே திறந்துகொண்டது. ஓரத்தில் எண்ணெய் விரல் பட்டுப்பட்டுப் பழுப்பேறிய பக்கம். 23 என்றுதான் நினைத்தேன். 88! புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. எபிரெயுவில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அப்பா போனபோது எங்கள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், சமையல் கையோடு இதைத்தான் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். கடவுளிடமே கடவுளைப் பற்றி முறையிடலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஷார்ட் ஸ்திரீட்டில் எங்கள் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்தில் போதகர் ஒரு வசனம், சபை ஒரு வசனம் என்று மாறி மாறி வாசிப்போம். ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்தில் பூசைக்குப் போனால், பாடகர் அடிகளைப் பாட மக்கள் பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். பதிலுரைப்பாடல் என்று பெயர். எனக்கு அதில்தான் ஏக்கம். பாட வேண்டியதை வாசித்தே பாதியை இழந்துவிட்டோம் என்று படுகிறது. அதிலும் 88-ஐ யார் பாடிக் கேட்டிருக்கிறோம்?

டிசம்பரில் நீ வரும்போது உன் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டு வா. இந்தப் பாட்டுக்கு எந்தப் பண் பொருந்தும்? வரிகளை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவின் முதல் வருஷத்துக்குள் ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும்.

உன் பழைய நண்பன்