அல்பேனியாவில் வாக்கை அசைத்தது இனவுணர்வா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுவுடைமை ஆட்சி விழுந்தபின் அல்பேனிய அரசியலை நடத்தியது இனவுணர்வே என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை கூறியிருந்தது. அல்பேனியர்கள் பெரும்பான்மையாக வாழும் அண்டை நிலமான கொசோவோவுக்கு அது பொருந்தலாம். அல்பேனியாவுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

தலைநகர் டிரானாவில், பொதுவுடைமை ஆட்சியை நிறுவிய என்வர் ஹோஜாவின் சிலை சாய்க்கப்பட்டு ஆறு வாரம்கூட ஆகாத நிலையில் நடந்த 1991 மார்ச் தேர்தலில், கிராமத்து வாக்குகளின் பலத்தால் அதுவரை ஆண்டுவந்த பொதுவுடைமைக் கட்சியான பழைய தொழிலாளர் கட்சியே 250 இடங்களில் 169ஐப் பிடித்தது. பிறகு அது சோஷலிஸ்ட் கட்சி என்று பெயரை மாற்றிக்கொண்டது. எதிரணியான ஜனநாயகக் கட்சியின் சாலி பெரிஷாவும் அந்தப் பழைய கட்சியில் இருந்தவர்தான். எங்கள் பக்கத்தில் இதைப் பங்காளிச் சண்டை என்பார்கள். இன ஒற்றுமையையே முதல் முழக்கமாகக் கொண்ட சிறு கட்சிகள் இவ்விரண்டையும் மீறி வளரவே இல்லை. கொசோவோவுக்காக மேடையில் முழங்கிய பெரிஷாவும், 1992இல் குடியரசுத் தலைவரான பின் போகப்போகக் குரலைத் தணித்துக்கொண்டார்.

1991 ஆகஸ்டில், கியூபாவிலிருந்து சர்க்கரை ஏற்றிவந்து துரேஸ் துறைமுகத்தில் நின்ற 'விலோரா' கப்பலில் ஏறத்தாழ 20,000 பேர் ஏறி, இத்தாலியின் பாரி நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1990இல் தலைமன்னாரிலிருந்து வந்த படகுகளை மண்டபம் கரையில் நின்று பார்த்தவன் நான். இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். இங்கே வந்தவர்கள் போருக்குத் தப்பியவர்கள். அங்கே துரத்தியது வறுமை.

1997இல் ஆட்சியைக் கவிழ்த்ததும் பணம்தான். அநியாய வட்டி காட்டி மக்களின் சேமிப்பைத் திரட்டிய நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. (எங்கள் பகுதியிலும் அப்படியொன்று இருந்தது, என் தந்தை கட்டிய பணத்துக்கான ரசீது இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.) ஆத்திரமடைந்த மக்கள் ராணுவக் கிடங்குகளை உடைத்தார்கள், ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள், ஜூன் தேர்தலில் பெரிஷாவின் கட்சி படுதோல்வி அடைந்தது. அந்தக் கிடங்குகளிலிருந்து போன துப்பாக்கிகளில் பல எல்லை தாண்டிக் கொசோவோ விடுதலைப் படையின் கைகளுக்குச் சேர்ந்தன.

கொசோவோவின் கதை வேறு. 1989இல் செர்பிய அரசு அதன் தன்னாட்சியைப் பறித்தபின் அல்பேனியப் பிள்ளைகள் வீடுகளில் கூடிப் படித்தார்கள். அங்கே கட்சி என்பதே இனத்தின் அமைப்பாகத்தான் எழுந்தது. ஆயினும் 2008 பிப்ரவரி 17 அன்று விடுதலையை அறிவித்த அந்நாடு, வேறெந்த நாட்டுடனும் இணைவதைத் தன் அரசியலமைப்பிலேயே விலக்கிவைத்துள்ளது. இதைக் கட்டுரையாளர் குறிப்பிடவே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.