லென்ஸைத் திருப்பும்போது ஸ்டேஜை இறக்காதே

அன்புத் தம்பிக்கு,

நுண்ணோக்கியில் 10எக்ஸ், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், செல் பளிச்சென்று தெரிகிறது. உடனே ஸ்லைடு வைக்கும் மேடையான ஸ்டேஜைக் கீழே இறக்கிவிட்டு 40எக்ஸுக்குத் திருப்புகிறாய், பிறகு முதலிலிருந்து தேடுகிறாய். ஸ்லைடில் இடித்துவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கஷ்டப்பட்டுப் பிடித்த ஃபோகஸை நீயே கலைத்துவிடுகிறாய்.

கொஞ்சம் குனிந்து, ஸ்லைடுக்கு மேலே இருக்கும் அந்த லென்ஸ்களை, அதாவது ஆப்ஜெக்டிவ்களை, பக்கவாட்டில் பார். 4எக்ஸ் குட்டை, 100எக்ஸ் நெட்டை. 4எக்ஸின் நுனிக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் விரலையே நுழைக்கலாம். 40எக்ஸில் அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். நுனி எங்கே நின்றாலும், ஆப்ஜெக்டிவ்களைத் தாங்கிச் சுழலும் நோஸ்பீஸில் அவை பதியும் விளிம்பிலிருந்து மாதிரி வரைக்குமான தூரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பெரும்பாலான கருவிகளில் அது 45 மில்லிமீட்டர். நிக்கானின் சிஎஃப்ஐ60 வரிசையில் 60. அந்தத் தூரத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குள் அடங்கும்படிதான் ஒவ்வொரு ஆப்ஜெக்டிவையும் வடிவமைக்கிறார்கள். அதனால் ஒன்றில் பிடித்த ஃபோகஸ் மற்றதற்குத் திருப்பினாலும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பார்ஃபோகல் என்பது இதுதான். எனக்கு நுண்ணோக்கியிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது.

திருப்பியதும் படம் லேசாக மங்குவது இயல்பு. 4எக்ஸில் பல பத்து மைக்ரோமீட்டர் ஆழம் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியும். 40எக்ஸில் ஏறக்குறைய ஒரே ஒரு மைக்ரோமீட்டர். அந்த மெல்லிய அடுக்கைப் பிடிக்க, நுணுக்கமாக நகர்த்தும் ஃபைன் குமிழைச் சற்றுத் திருப்பினால் போதும். வேகமாக நகர்த்தும் கோர்ஸ் குமிழைத் தொடவே வேண்டாம்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால், முதலில் ஸ்லைடைப் பார். மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப் கீழ்ப்பக்கமாகப் போயிருக்கும்! கவர்ஸ்லிப்பின் தடிமன் 0.17 மில்லிமீட்டர், ஸ்லைடுடையது சுமார் 1 மில்லிமீட்டர். தலைகீழாக வைத்தாலும் 4எக்ஸும் 10எக்ஸும் ஒழுங்காகவே காட்டும், அதனால் சந்தேகமே வராது. 40எக்ஸ் மட்டும் அந்த 1 மில்லிமீட்டரைத் தாண்டி எட்டாது. எட்டவில்லையே என்று ஸ்டேஜை மேலும் ஏற்றும்போதுதான் நீ பயப்படும் இடி உண்மையில் நடக்கிறது.

வெவ்வேறு கருவிகளின் ஆப்ஜெக்டிவ்களைக் கலந்து மாட்டியிருந்தாலும் கணக்கு தப்பும். பழைய சில கருவிகளின் தூரம் 36 மில்லிமீட்டர். மரை ஒன்றே என்பதால் 45-உடன் சேர்ந்து அழகாகப் பொருந்திக்கொள்ளும், ஆனால் ஃபோகஸ் 9 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்.

100எக்ஸுக்குப் போகும்போதும் ஸ்டேஜ் அப்படியே இருக்கட்டும். நோஸ்பீஸைப் பாதி திருப்பி, அதற்கென்றே உள்ள எண்ணெயில் ஒரு சொட்டு ஸ்லைடில் விட்டு, மீதியைத் திருப்பு. எண்ணெய் பட்ட ஸ்லைடின் மேல் 40எக்ஸைத் திரும்பக் கொண்டுவராதே; அது எண்ணெய்க்கான லென்ஸ் இல்லை.

கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸையும் உன் கண்ணுக்குச் சரிசெய்துகொள், இதைப் பலர் செய்வதே இல்லை. இரண்டு ஐபீஸ் வளையங்களையும் பூஜ்யத்தில் வைத்து, 40எக்ஸில் ஃபைன் குமிழால் ஃபோகஸ் செய். பிறகு 4எக்ஸுக்கு வந்து, குமிழைத் தொடாமல், ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து அந்தந்த வளையத்தைத் திருப்பித் தெளிவாக்கு. வளையத்தில் இருக்கும் பிழை 4எக்ஸில்தான் நன்றாக வெளிப்படும். வேறொருவர் உட்கார்ந்து எழுந்தால், மறுபடி செய்ய வேண்டும்.

அன்புடன்,
அக்கா